இரண்டாம் பக்கத்து வரி

இரண்டாம் பக்கத்தின் அடியில், "இதில் வரும் பெயர்களும் சம்பவங்களும் யாவும் கற்பனையே" என்று அச்சாகிவிட்டது. என் புத்தகம். ஒரு பெயரை மாற்றவில்லை, ஒரு தூறலைக்கூடக் கூட்டிப் போடவில்லை, அதில்தான் இந்த வரி. புத்தகம் இப்போது எதிரே தரையில் உட்கார்ந்திருக்கும் இந்த வீட்டு அம்மாவின் மடியில் இருக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை. அட்டையைத் தடவிக்கொண்டிருக்கிறார். பிரித்தால் முதல் பக்கம், புரட்டினால் இரண்டாம் பக்கம். எவ்வளவு நேரம் ஆகிவிடும். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் டீ டம்ளரைப் பிடித்தபடி இருக்கிறேன். சுடுகிறது. கீழே வைக்கத் தோன்றவில்லை. இந்த அம்மாவின் பெயரைச் சொல்ல மாட்டேன். புத்தகத்திலும் சொல்லவில்லை. எங்க வீட்டுக்காரர் பேரைப் போடுங்க, பஸ் முதலாளி பேரைப் போடுங்க, எல்லார் பேரையும் போடுங்க, என் பேரு மட்டும் வேணாம், பொண்ணு இன்னொரு வீட்டுல வாழுது என்று ஆரம்பத்திலேயே கேட்டுக்கொண்டார். சரி என்றேன். புத்தகம் முழுக்க 'உத்திராபதியின் மனைவி' என்றுதான் இருக்கும். உத்திராபதி சுவரில் இருக்கிறார். லைசென்ஸ் போட்டோவைப் பெரிதாக்கி மாட்டியது. பெரிதாக்கியதில் முகம் புள்ளி புள்ளியாகக் கலைந்து, கண் மட்டும் ரோட்டைப் பார்ப்பதுபோல் நேராக நிற்கிறது. மன்னார்குடி ரூட்டில் தனியார் பஸ் ஓட்டியவர். இருபது வருஷத்துக்கு முந்தி ஓர் ஐப்பசி மழையில் பஸ் மதகடி வளைவில் வாய்க்காலுக்குள் போனது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேர், கீரைக்கட்டு ஏற்றி வந்த பெண்பிள்ளை ஒருத்தி, உத்திராபதி, நாலு பேர் செத்தார்கள். டிரைவர் குடித்திருந்தான் என்றார்கள். செத்தவன் எழுந்து வந்து இல்லை என்று சொல்லவா போகிறான். அன்றிலிருந்து இந்த அம்மா, ஊருக்குள் குடிகார டிரைவர் பெண்டாட்டி. அவர் அன்றைக்குக் குடிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் புத்தகம். இரண்டாம் பக்கத்து வரி அதை இல்லை என்கிறது.

"வண்டி நெறம் இது இல்லீங்களே அய்யா" என்கிறார். அட்டையில் சிவப்பு பஸ். பச்சை பஸ், ஜன்னலுக்குக் கீழே மஞ்சள் பட்டை. உள்ளே எழுதியிருக்கிறேன். படம் போட்டவன் உள்ளே படிக்கவில்லை. அதைத்தான் சொன்னேன். அது போவுது என்று புத்தகத்தைத் திருப்புகிறார். பின் அட்டையில் என் முகம். "இதுல சிரிக்கிறீங்க. நேர்ல ஒருநாளும் பாத்ததில்ல." டம்ளரை மறு கைக்கு மாற்றினேன். இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் எத்தனை தடவை உட்கார்ந்திருப்பேன், இதே நாற்காலி, முன்னே இரும்பு நாற்காலி இருந்தது, அது காலுடைந்த பிறகு இது. அன்னைக்குக் காலையில என்ன சாப்பிட்டார், சட்டையில எத்தனை பொத்தான், செருப்பா வெறும் காலா என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். ஒருநாள் இந்த அம்மா எரிச்சலில், செருப்புப் போட்டுருந்தா என்னா போடாட்டி என்னா, செத்துட்டாருல்ல என்றார். நானும் எரிச்சலில், பிரேக்கை மிதிச்ச கால்மா அது என்றேன். அப்புறம் டீ வந்தது. இன்றைக்கு வரும்போது பஸ்ஸில் அந்தத் தாளைக் கிழித்துவிடலாமா என்று நினைத்தேன். பதமாகக் கிழித்தால் தெரியாது. இந்த அம்மா புத்தகம் வாங்கிப் பழகியவர் இல்லை, ஒரு தாள் குறைவது யாருக்குத் தெரியும். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் நின்றபோது தாளைப் பிடித்தும் பார்த்தேன். விரலிடுக்கில் இருந்தது. கேட் திறந்தது. கிழிக்கவில்லை. மற்றப் பிரதியெல்லாம் அந்தத் தாளோடு இருக்க, இந்த அம்மாவிடம் மட்டும் அது இல்லாத ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனால், நான் எழுதியதில் எது மிச்சம். கிழிக்காததும் பெரிய வீரம் இல்லை. வந்து உட்கார்ந்ததும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வாங்கய்யா, புஸ்தகம் வந்துட்டா என்று அவர் வாசலுக்கு ஓடி வந்த வேகத்தில் புத்தகத்தை அவர் கையில் கொடுத்துவிட்டேன். டீ குடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். டீ ஆறவில்லை.

முதல் பக்கத்தைப் பிரித்துவிட்டார். 'மதகடி வளைவு' என்ற தலைப்பு, கீழே என் பெயர். அதையே இவ்வளவு நேரம் பார்க்கிறார். கண் முகாமில் கொடுத்த கண்ணாடி, முகத்தைவிடப் பெரிது. எழுத்துக்கு எழுத்து விரல் வைத்துப் படிப்பவர். நான் புத்தகம் வாங்கினால் முதல் அத்தியாயத்துக்கு நேரே போகிறவன், இரண்டாம் பக்கத்தை வாழ்நாளில் படித்ததில்லை. அதனால்தான் இது நடந்தது. கதை ஆரம்பிக்கிற இடத்திலிருந்துதான் மெய்ப்புப் பார்க்க எனக்கு அனுப்புவார்கள். திருத்தித் திருத்தி அனுப்பினேன், ஒரு கால்புள்ளிக்காக இளவழகனோடு சண்டை போட்டேன். இளவழகன் பதிப்பாளர். நல்லவர்தான். முன்பக்கங்களைக் கடைசியில் சேர்ப்பார்கள், அச்சுக்குப் போகிற அன்று, பழைய புத்தகத்தின் பக்கத்தை எடுத்துப் பெயரும் விலையும் மாற்றி. அதை யாரும் பார்ப்பதில்லை. நானும் கேட்டதில்லை. பழைய புத்தகம் ஒரு நாவல். அதன் அடிவரி அப்படியே இதில் உட்கார்ந்துகொண்டது. இளவழகனைப் போனில் பிடித்தேன். "பக்கம் போடுற பொண்ணு அவசரத்துல விட்டுட்டா சார், தப்புதான்" என்றார். பிறகு, "கோவிச்சுக்காதீங்க சார். நானே நாவல்னு நெனச்சுத்தான் படிச்சேன். அழுதுட்டேன் சார்." போனை வைத்துவிட்டேன். அழுதாராம். நான் எழுதிய விதம் நன்றாக இருந்ததனால்தான் பொய் என்று நினைத்திருக்கிறார். பிழை திருத்தம் என்று துண்டுச்சீட்டு அடித்து உள்ளே வைக்கிறேன் என்றார் மறுநாள். துண்டுச்சீட்டு பஸ் டிக்கெட் மாதிரி, கடையில் புத்தகத்தை இரண்டு தடவை உதறினால் தரையில் கிடக்கும். அச்சடித்த வரி உதிராது.

புரட்டிவிட்டார். இரண்டாம் பக்கம். மேலேயிருந்து ஆரம்பிக்கிறார், எனக்குத் தெரியும், அடிவரைக்கும் போகாமல் விடமாட்டார். நூல் பெயர். ஆசிரியர். மொழி, தமிழ். "தமிழ்னு தமிழ்லதானே எழுதியிருக்கு, படிக்கிறவனுக்குத் தெரியாதுங்களா?" என்கிறார். சிரிக்கிறார். நானும் சிரித்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் மிக்சி ஓடுகிறது, தேங்காய்ச் சட்னிக்காக இருக்கும், காதை அறுக்கிறது. இந்தப் பட்டியலை எந்த மகானுபாவன் கண்டுபிடித்தானோ, தமிழ்ப் புத்தகத்தில் மட்டும் ஜாதகம் மாதிரி இத்தனை கட்டம். எதையெல்லாமோ போடுகிறான், உண்மையா பொய்யா என்று ஒரு கட்டம் கிடையாது. இருந்திருந்தால் எனக்கு இத்தனை வருஷம் வீணாய்ப் போயிருக்காது. பத்திரிகை ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்தேன் ஓர் அத்தியாயத்தை. செய்தி ஆசிரியர் சின்ன வயசு, மரியாதையாகத்தான் பேசினான், சார் இது கதை மாதிரி இருக்கு, யாரும் நம்ப மாட்டாங்க, மழை, வாசனை, அந்தக் கண்டக்டர் விசில் எல்லாம் எடுத்துட்டுத் தகவலை மட்டும் குடுங்க என்றான். இலக்கியப் பத்திரிகைக்கு அனுப்பினேன். கட்டுரையா சிறுகதையா என்று குறிப்பிடவும் என்று பதில். இரண்டு வீட்டிலும் எனக்கு இலை போடவில்லை. ஒரு கூட்டத்தில் ஒரு பேராசிரியர் என் தோளைத் தட்டி, உங்கள் கற்பனை வளம் பிரமாதம் என்றார். கையை எடுங்கள் என்றேன். அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்துக்கு அழைப்பு வரவில்லை. நல்லதுதான். தகவலை மட்டும் கொடுத்தால் உத்திராபதி ஒரு டிரைவர். செத்துப்போன ஒரு டிரைவர். அவர் ஸ்டியரிங்கில் ஒரு துணி சுற்றி வைத்திருந்தார், கை வேர்க்கும் அவருக்கு. அதை எழுதினால்தான் ஆள். அந்தத் துணி மனைவியின் பழைய புடவைக் கிழிசல் என்று எழுதினால் கதை. அது கடையில் கொடுத்த துடைக்கிற துணி. நான் கேட்டேன். அப்படியே எழுதினேன். இதில் எங்கே கற்பனை.

பதிப்பு. உரிமை. விரல் நிற்கிறது. "உரிமை ஆசிரியருக்குன்னு போட்டுருக்கு. உங்களுக்குத்தானே?" ஆமாம் என்றேன். ஆமாம்தானா. கலியபெருமாள் சொன்னதை நான் எழுதினேன், எனக்கு உரிமை. கலியபெருமாள்தான் அந்த வண்டியின் கண்டக்டர், பின்படியில் நின்றவர், தண்ணீரில் விழுந்து பிழைத்தவர். முதலாளி அடுத்த வாரமே வேறு வண்டியில் வேலை போட்டுக் கொடுத்தான், இவர் வாயைத் திறக்கவில்லை. நான் போய்க் கேட்டபோது படுக்கையில் கிடந்தார். முதல் தடவை போ என்றார். இரண்டாம் தடவையும் போ. மூன்றாம் தடவை என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். டிரைவர் சீட்டுக்கு அடியில் கிடைத்த பாட்டிலைப் பற்றி. பேப்பரில் படம் வந்ததே, பிராந்தி பாட்டில், ஊரே பார்த்த படம். அந்தப் பாட்டிலில் இருந்தது பிரேக் ஆயில். "கசிஞ்சுக்கிட்டே இருந்துது சார், டிரிப்புக்கு டிரிப்பு அவரே ஊத்திப்பாரு. டப்பா துருப்பிடிச்சுருச்சுன்னு காலி பாட்டிலு ஒண்ணு எங்கயோ எடுத்து அதுல வச்சிருந்தாரு. அன்னைக்கி வண்டிய எடுக்க மாட்டேன்னாரு. நாளைக்குப் பாத்துக்கலாம், பள்ளிக்கூடப் புள்ளைங்க நிக்குதுன்னு மேனேஜர் சொன்னான். புள்ளைங்கன்னதும் எடுத்துட்டாரு." அவ்வளவுதான் சொன்னார். நான் வேறு வேறு நாளில் போய் அதையே திரும்பக் கேட்டேன், மாறவில்லை. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் குடித்திருந்ததாக ஒரு சொல் கிடையாது. எழுதியிருப்பதைப் படிக்கிற ஊர், எழுதாமல் விட்டதையா படிக்கும். இந்த அம்மாவிடம் வந்து சொன்னபோது அழவில்லை. அவரு தீவாளிக்குக் குடிப்பாருங்க, அதையும் எழுதுவீங்களா என்றுதான் கேட்டார். எழுதுவேன் என்றேன். வேணாம்யா என்றார். எழுதினால்தான்மா மற்றதை நம்புவான் என்றேன். கொஞ்ச நேரம் போட்டோவைப் பார்த்தார். எழுதிக்கங்க என்றார். அந்தச் சொல்லுக்குத்தான் நான் கடன்பட்டவன். இப்போது தீபாவளிக்குக் குடித்ததும் கற்பனை, அன்றைக்குக் குடிக்காததும் கற்பனை.

தாள், அளவு, பக்கங்கள். "இம்புட்டு வருசம் எழுதினீங்க, ஒல்லியா இருக்கே" என்கிறார். ஒல்லிதான். எடுத்துப் போட்டதையெல்லாம் சேர்த்தால் இன்னொரு புத்தகம். மதகடி வளைவில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. 'வேப்பம்பூ வாசனைக்குள் பஸ் இறங்கியது' என்று ஒரு வரி எழுதினேன். எழுதிவிட்டு அன்று முழுக்க எனக்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், அப்படி ஒரு வரி எனக்கு வந்ததில்லை. ஐப்பசியில் எந்த வேம்பு பூக்கும். அடித்தேன். மறுபடி எழுதினேன். மறுபடி அடித்தேன். அடித்த நாளில் சாப்பிடவில்லை. வளைவில் திரும்பும்போது அவர் என்ன நினைத்தார் என்று எழுதவில்லை. யாருக்குத் தெரியும். 'எனக்குத் தெரியாது' என்று எழுதி அந்த அத்தியாயத்தை அங்கேயே விட்டேன். ராத்திரியில் என் அறையில் விழித்துக்கொண்டால் அந்த வேப்பம்பூ வரி வரும். யாரிடம் சொல்வது. வனஜா இருந்தவரை அவளிடம் படித்துக்காட்டுவேன். கேட்டுவிட்டு, உங்களுக்கு யாராவது செத்தாத்தான் பேச்சே வருது என்பாள் என் பெண்டாட்டி. அவள் செத்தாள், எனக்குப் பேச்சு வரவில்லை. அவளைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. எழுத உட்காருவேன். கல்யாணத்தன்று அவள் கட்டியிருந்தது அரக்கா மாம்பழக் கலரா. அரக்கு என்று நினைக்கிறேன். நினைப்பதை எழுத முடியாது. போய்க் கேட்டுச் சரிபார்க்க அவள் ஒருத்திதான் இருந்தாள். பிள்ளை போனில், எப்படி இருக்கீங்கப்பா என்று கேட்டுவிட்டு நான் சொல்வதற்குள் சரிப்பா என்பான். அறையிலிருந்து கிளம்பி எங்கே போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. இந்த வீட்டில் மட்டும்தான், ஏன் போன வாரம் வரலை என்று ஒரு கேள்வி உண்டு. எனக்கு வேலை இருந்ததனால் வந்தேன். பொத்தான் எத்தனை, செருப்பா வெறும் காலா. புத்தகம் முடிந்துவிட்டது, இனி என்ன கேட்க வருவேன். அதைச் சொல்லாமலே நினைத்துக்கொண்டிருந்தேன், அச்சானதைக் கொடுக்க ஒருநாள், படித்துவிட்டாரா என்று கேட்க ஒருநாள், அப்படியே. இந்த வரியைப் படித்துவிட்டு எழுந்திருங்க என்று சொன்னால் அதுவும் இல்லை. அசிங்கம்தான். ஒரு மனுஷியின் இருபது வருஷம் போகப்போகிறது, எனக்கு என் டீ போய்விடுமே என்று இருக்கிறது. இதையும் உள்ளபடிதான் சொல்ல வேண்டும்.

மிக்சி நின்றுவிட்டது. விரல் அச்சகத்தின் ஊர், தெரு, கதவு எண் எல்லாவற்றையும் தாண்டுகிறது. இவ்வளவு பொறுமையாக ஒருத்தர் கதவு எண்ணைப் படிப்பதை நான் பார்த்ததில்லை. இதே தரையில், இதே மாதிரி காலை நீட்டி உட்கார்ந்துதான் மகள் இந்திராணியின் கல்யாணப் பத்திரிகை அத்தனையிலும் எழுதியிருக்கிறார். புத்தகத்தில் இருக்கிறது. சம்பந்தி வீட்டார் அவர்கள் செலவில் அச்சடித்தார்கள், குடிகாரன் பெயர் வேண்டாம் என்று பெண்ணுக்கு அப்பா பெயரை விட்டுவிட்டார்கள், தாய்மாமன் பெயர் மட்டும். இந்த அம்மா சண்டை போடவில்லை. மூலைக்கு மஞ்சள் தடவுகிறேன் என்று பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பத்திரிகையிலும் மணமகள் பெயருக்கு மேலே நீலப் பேனாவால் 'அமரர் உத்திராபதி அவர்களின் மகள்' என்று எழுதிவிட்டார். சம்பந்தி வீட்டில் ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதனால்தான் தன் பெயர் வேண்டாம் என்று கேட்டார். மிச்சமிருந்த ஒரு பத்திரிகையை நான் பார்த்திருக்கிறேன், எழுத்து ஒன்றுக்கொன்று முட்டிக்கொண்டு, வரி மேலே ஏறி. விரல் நின்றுவிட்டது. உதடு அசைகிறது. இதில். வரும். பெயர்களும். டீ டம்ளரைக் கீழே வைத்தேன். சம்பவங்களும். யாவும். அடுத்த சொல்லில் விரல் முன்னே போய்ப் பின்னே வந்தது. மறுபடி மேலேயிருந்து படித்தார். கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"இது நீங்க எழுதினதுங்களா?"

"இல்லம்மா."

"அப்ப யாரு எழுதினா?"

யாரும் எழுதலை, வேறொரு புத்தகத்தில் இருந்தது, தவறி இதில் வந்துவிட்டது என்றேன். எல்லாப் புத்தகத்திலுமா என்று கேட்டார். எல்லாவற்றிலும் என்றேன். கொஞ்சம் கடைக்குப் போய்விட்டது, மிச்சம் பதிப்பாளரிடம் கட்டுக் கட்டாக இருக்கிறது என்றேன். மன்னிப்பு என்ற சொல்லை நான் பழகவில்லை. அந்த அம்மா புத்தகத்தைத் தரையில் வைத்தார். கையை ஊன்றி எழுந்து உள்ளே போனார். போய்விட்டார். என் செருப்பு வாசலில் ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது, இனி அதைக் காலால் நிமிர்த்தி, மாட்டி, தெரு, பஸ் ஸ்டாண்டு, நீடாமங்கலம் கேட், அறை, பூட்டு. சுவரில் உத்திராபதி ரோட்டைப் பார்க்கிறார். உள்ளே தகர டப்பா திறக்கிற சத்தம், எதையோ குடைகிற சத்தம். பணத்தை எடுத்துவந்து நீட்டப்போகிறாரோ, புத்தகத்தின் விலையை, இந்தாங்க கணக்கு தீர்ந்தது என்று. எழுந்து நின்றேன். எழுந்தவனுக்கு எங்கே போவதென்று தெரியவில்லை, நின்றேன்.

வந்தார். கையில் நீலப் பேனா. உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தார், எழுதவில்லை, வாயருகே வைத்து ஊதினார், மறுபடி கிறுக்கினார், எழுதியது. உட்காருங்கய்யா, ஏன் நிக்கிறீங்க, டீயைக் குடிங்க, சக்கர கம்மியாத்தான் போட்டேன் என்றார். பேனாவால அடிச்சா புஸ்தகம் கெட்டுப்போயிருங்களா என்றார். கெடாது என்றேன். புத்தகத்தைத் தரையில் விரித்து, இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்த வரியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அடித்தார். கோடு நேராக இல்லை. திரும்பவும் ஒரு கோடு. அதற்குக் கீழே வெற்றிடம் கொஞ்சம்தான், குனிந்து எழுத ஆரம்பித்தார். எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது, படிக்க முடியவில்லை. எழுதிக்கொண்டே பேசினார். "மிச்சக் கட்டையும் கொண்டாங்க. பத்திரிகைக்கு எழுதின கைதான, இதுக்கு எழுதாதா. நீங்க அடிச்சு அடிச்சுக் குடுங்க, நான் எழுதுறேன். தெனமும் வாங்க."

கடைக்குப் போனது என்றேன்.

"கடையில போயி எழுதுவோம். எனக்கென்னா வேலை."

நான் எழுதித் திருத்துகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. நான் அந்த வண்டியில் போகவில்லை, அந்த வீட்டில் வாழவில்லை. நான் ஆயிரம் தடவை உண்மை உண்மை என்று எழுதினாலும் ஆசிரியர் சொல்கிறார் என்றுதான் ஆகும். பெயர் என்று மட்டும் கேட்டேன். யாரோ ஒருவர் அடித்துக் கிறுக்கியது என்று ஆகிவிடும், அடியில் பெயர் வேண்டும், அது அவருக்கும் தெரியும். பேனா நின்றது. கண்ணாடி மூக்கில் இறங்கியிருந்தது. "இந்திராணி கோவிச்சுக்கும். ரெண்டு மாசம் பேசாது. அப்பறம் பேசும்." குனிந்தார். நாக்கை ஓரத்தில் கடித்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக இறக்கினார். முடித்து, ஊதி, புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். எழுத்து ஒன்றுக்கொன்று முட்டிக்கொண்டு, வரி மேலே ஏறியிருந்தது. நான் கண்ணாடியைத் தேடினேன், மாட்டினேன், படித்தேன்.

'இதுல உள்ளது நடந்தது. அவரு தீவாளிக்குக் குடிப்பாரு. அன்னைக்குக் குடிக்கல. இப்படிக்கு, உ. தையல்நாயகி.'